பாரிஸ் இரண்டு மணித்தியாலத் தூரம்

நேர் வழியில் கனடாவுக்கு வராத குடும்பத்தில் யாரிடமும் விமான நேரம் கேட்கக் கூடாது. நான் பட்டு அறிந்த உண்மை இது. சித்தப்பா, ஆட்களைக் கள்ளமாக வெளிநாடு ஏற்றும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, ஊர் உலகமெல்லாம் சுற்றி, ஒரு வருடம் கழித்து ரொறன்ரோவில் இறங்கியவர். அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த நானும் அவ்வளவு மோசமில்லை, சில மாதங்கள்தான்.

ஆகவே பாரிஸில் இருந்த சுகியை எனக்குக் கல்யாணம் பேசியபோது, வீட்டில் பயணக் கணக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் (நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம்). என் வேலையும் அதுதான்: எந்த லொறி எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று ஒஷாவாவில் உட்கார்ந்து சொல்வது.

சுகி ஒரே பிள்ளை. “கனடா தூரம்” என்று இழுத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா, மாப்பிள்ளையை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக டிக்கெட் போட்டார். அதற்குள் தொலைபேசியில் பேசிப் பேசி, அவள் இல்லாவிட்டால் நான் இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். டிக்கெட்டைப் பார்த்தேன். அங்கே இரண்டு மணிக்கு ஏற்றம், இங்கே நாலு மணிக்கு இறக்கம். ஆக, இரண்டு மணித்தியாலப் பயணம். (இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒன்றல்ல என்பது, அவளை நித்திரையால் எழுப்பி எழுப்பிப் பேசிய எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் மூளை லீவில் இருந்தது.)

வரும் நாள் விடியக் காலையில் அவரே அழைத்தார்.

“தம்பி, முந்தின பிளேனிலை இடம் கிடைச்சிட்டுது. இப்ப ஏறுறன்.”

வீட்டையே எழுப்பினேன். அம்மா அவசரமாக றோல்ஸ் பொரித்தார். அஜின்கோர்ட் வீட்டிலிருந்து ஒரு வான் வண்டி நிறையச் சொந்தம் புறப்பட்டது. சித்தப்பாவுக்கு மட்டும் சந்தேகம்.

“பாரிஸ் அவ்வளவு கிட்டவே?”

“சித்தப்பா, இது உங்கடை ஏஜென்சி றூட் இல்லை.”

விமான நிலையத்தில் காத்திருந்தோம், காத்திருந்தோம். கடைசியில் சித்தப்பா விசாரிக்கப் போய், திரும்பி வந்து சத்தமில்லாமல் அமர்ந்தார்.

“பிளேன் இன்னும் கடலுக்கு மேலைதான் நிக்குதாம்.”

வீட்டுக்குப் போய்விட்டு வருவோம் என்றேன்.

“நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டிட்டு, வெறுங்கையோடை திரும்புறதே?” என்றார் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சம்பந்திக்குக் கொண்டுவந்த றோல்ஸும் முடிந்தது.

அவர் வெளியே வந்தபோது மாப்பிள்ளை வாங்கில் சாய்ந்து வாயைத் திறந்தபடி நித்திரை. சட்டை முழுக்க றோல்ஸ் தூள். சித்தப்பா (எந்தப் பக்கத்து ஆளோ) நடந்ததெல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“தம்பிக்கு என்ன வேலை எண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டார் சுகியின் அப்பா.

வீடு வரும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். வீட்டில் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“நான் மாட்டன் எண்டு சொல்லத்தான் வந்தனான். சரியான தூரம். ஆனா உந்தப் பெடிக்கு அது தூரமெண்டே தெரியேல்லை. எனக்கு அதுவே காணும். என்ரை பிள்ளையை அடிக்கடி கூட்டிக்கொண்டு வருவான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நித்திரைக் களை என்று சமாளித்தேன்.

அவர் சொன்னபடியே ஒவ்வொரு கோடையும் பாரிஸ் போகிறோம். விமானம் கிளம்பி இரண்டு மணித்தியாலம் ஆனதும் சுகி மணிக்கூட்டைப் பார்ப்பாள்.

“இஞ்சருங்கோ, நேரமாச்சு. இறங்குவமே?”

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் உடனே பெல்ட்டைக் கழற்றுவார்கள். கீழே கடல்.