எங்க தொழிலே வேற சார்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்க்க உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். இரண்டு கை, இரண்டு கால், சட்டைப் பையில் ஒரு பேனா. வாயைத் திறந்தால்தான் அடையாளம் தெரியும். "எங்க தொழிலே வேற சார்" என்பார்கள். தொழில் இன்னும் ஆரம்பித்தே இருக்காது. ஆரம்பிக்காத தொழில் மற்றவர்கள் தொழிலிலிருந்து எப்படி வேறுபடும் என்று கேட்கிறீர்களா? மற்றவர்களுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், இவர்களுக்கு இல்லை. இதைவிட என்ன வேறுபாடு வேண்டும்?

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று எங்கள் வீட்டுக்கே வாய்த்தது. என் தங்கையின் கணவர். தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவள். எந்தக் கறை வெந்நீருக்குப் போகும், எது வெந்நீர் பட்டால் நிரந்தரமாகக் குடியேறிவிடும் என்று துணியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள். நாற்பது அறை கொண்ட ஒரு லாட்ஜின் மேனேஜர், "நீங்க கடை போட்டா எங்க பெட்ஷீட் முழுக்க உங்களுக்குத்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி வேலையை விட்டாள். மெஷின்கள் வந்து இறங்கின, இஸ்திரி மேஜை வந்தது, சோப்புத்தூள் மூட்டை வந்தது, ஒன்றாம் தேதி துணி அனுப்புவதாக மேனேஜரிடமிருந்து தகவலும் வந்தது. துணியை வாங்கி ரசீது போட கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் மட்டும் பாக்கி. அதை மாப்பிள்ளை "நான் பாத்துக்கறேன்" என்றார்.

நல்ல வார்த்தைதான். யார் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சலவைக் கடைகளுக்கென்றே ரெடிமேடாக மென்பொருள் கிடைக்கிறது. எத்தனையோ கடைகள் அதை வைத்துக்கொண்டுதான் அழுக்கை வாங்கி வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்கின்றன. இதை நான் சொன்னதும் மாப்பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மச்சான், அது ஊருக்கெல்லாம் பொதுவா தச்சு வச்ச சட்டை. நமக்கு அளவெடுத்துத் தைக்கணும்."

"அளவெடுக்க உடம்பு வேணுமே மாப்ள? கடையே இன்னும் தொறக்கல."

"அதான் உங்களுக்குப் புரியல. எங்க தொழிலே வேற."

மென்பொருள் எழுதும் பெண்மணி ஒருவரை வரவழைத்தார். விவரமானவர். மடிக்கணினியைத் திறந்த கையோடு, "இப்ப துணி எப்படி வாங்கறீங்கன்னு சொல்லுங்க சார், அதை அப்படியே எழுதிடறேன்" என்றார். மாப்பிள்ளை இதுவரை யாரிடமும் துணி வாங்கியவரில்லை. தன் துணியைக் கழற்றிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போவதுதான் சலவைத் துறையில் அவருக்குள்ள அனுபவம். அதை வெளியில் சொல்ல முடியுமா? விட்டத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண்மணிக்குப் புரிந்துவிட்டது. "சார், ஒண்ணு சொல்லட்டுமா? ஒரு ரெடிமேட் வாங்கி ஆறு மாசம் ஓட்டுங்க. எங்க இடிக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். அப்ப என்னைக் கூப்பிடுங்க, அதை மட்டும் தனியா எழுதித் தர்றேன்."

வருகிற வேலையை வேண்டாம் என்கிறவர் பேச்சை நம்பலாம் என்பது என் அபிப்பிராயம். மாப்பிள்ளையின் அபிப்பிராயம் வேறு. "பயந்துட்டாங்க மச்சான். இவ்வளவு சிக்கலான தொழிலை இதுக்கு முன்னாடி பாத்திருக்க மாட்டாங்க."

விடாமல் வற்புறுத்தி அவரையே எழுத ஒப்புக்கொள்ள வைத்தார். அப்புறம் தினமும் அவரோடு ஆலோசனைக் கூட்டம். ஒருவர் ஒற்றை சாக்ஸ் மட்டும் கொண்டுவந்தால் என்ன செய்வது, இரட்டைப் பிறவிகள் இரண்டு பேரும் ஒரே நிறத்தில் சட்டை கொடுத்தால் யாருடையது எது, கணவன் போட்ட துணியை வாங்க மனைவி வரும்போது அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் கொடுக்கலாமா கூடாதா, துணி கொடுத்துவிட்டுப் போனவர் நாலு நாளில் பெருத்துப் போய் வந்து சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டை பிடித்தால் என்ன ஆதாரம் காட்டுவது என்று அவர் யோசித்து யோசித்துச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கட்டம் முளைத்தது. நடுவில் தங்கை, "ஏங்க, கறை என்ன கறைன்னு குறிக்க ஒரு இடம் வேணும்" என்றாள்.

"அதெல்லாம் சின்ன விஷயம். அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் பெற்ற பிள்ளையைப் போல் கொஞ்சியது பட்டன் கட்டத்தைத்தான். துணியில் பட்டன் எத்தனை என்று போட்டால்தான் திரை அடுத்த பக்கம் நகரும். ஜீரோ போட்டால் ஏற்காது. ஏன் என்று கேட்டேன். "ஜீரோன்னு தட்டிட்டு எண்ணாமலே விட்டுடுவாங்க மச்சான். மனுஷ சுபாவம் எனக்குத் தெரியும்" என்றார். துணி சுபாவமும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு லாட்ஜ் வண்டி வந்து நின்றது. எண்பது பெட்ஷீட். மேனேஜரே கூட வந்திருந்தார். மாப்பிள்ளை புதுச் சட்டையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பெயர், முகவரி, மாற்று முகவரி, துணிக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று திரை வரிசையாகக் கேட்டது. மேனேஜரும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், பட்டன்கள் எத்தனை என்றது.

மாப்பிள்ளை ஒரு பெட்ஷீட்டை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் மேனேஜர்.

"பட்டன்."

"பெட்ஷீட்லயா?"

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஒண்ணுன்னு போட்டுடுங்க மாப்ள."

"போடலாம் மச்சான். ஆனா திருப்பிக் கொடுக்கறப்ப அந்த ஒரு பட்டன் எங்கன்னு கேக்குமே?" அதற்கும் ஒரு கட்டம் வைத்திருந்தாராம்.

தங்கை ஒரு நோட்டை எடுத்தாள். "கொடுங்க சார், நான் எழுதிக்கறேன். எண்பது ஷீட், சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தயாரா இருக்கும்."

மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார். "சிஸ்டத்துல ஏறாத துணி கடைக்குள்ள வரக்கூடாது. முதல் நாளே பழக்கத்தைக் கெடுக்காத. இதை எழுதினவங்களுக்குப் போன் பண்ணிட்டேன், மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க மேடம். இன்னிக்கு சாயங்காலம் நாப்பது ரூம்லயும் ஆள் வர்றாங்க" என்றார். வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியது. அங்கே இருந்த சலவைக் கடையில், ஊருக்கெல்லாம் பொதுவான அதே ரெடிமேட் மென்பொருளில் எண்பது என்று தட்டி, இரண்டு நிமிஷத்தில் ரசீது கொடுத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து பெட்ஷீட்டெல்லாம் அங்கேதான் போகிறது.

நோட்டைப் பிடித்தபடி தங்கை வாசலில் நின்றாள். பதினோரு வருட வேலையை அந்தப் பெட்ஷீட்டுகளை நம்பித்தானே விட்டாள்? மறுநாள் ரெடிமேட் மென்பொருளைத் தானே வாங்கி, மத்தியானத்துக்குள் பழகி, முதல் ரசீதைப் போட்டாள். ஒரு போர்வை, இரண்டு சட்டை. போன நாற்பது அறைக்கு ஈடாக இப்படிச் சட்டை சட்டையாகச் சேர்க்க எத்தனை வருடம் ஆகுமோ, தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு வருத்தம் இல்லையா? ஏன் இல்லாமல்? "அந்த மேனேஜர் சாதாரண ஆள் மச்சான். நம்ம அளவுக்கு யோசிக்க அவரால முடியல" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றை ஞாபகப்படுத்திப் பாருங்கள். போன மாதம் காய்ச்சல் என்று டாக்டரிடம் போய், "எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரை என் உடம்புக்குக் கேக்காது டாக்டர், என் உடம்பு வாகு தனி" என்று கால் மணி நேரம் விளக்கிவிட்டு வந்தது யார்? டாக்டரும் தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டுக்கொண்டார். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு எழுதிய அதே மாத்திரையைத்தான் உங்களுக்கும் எழுதினார். மூன்றே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது.