ஒரு கீறல் கூட இல்லாமல்

"இதுல கக்கூஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

அட்டவணை என்று எல்லோரும் கூப்பிடும் கணவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு படகின் வரைபடம் விரிந்து கிடந்தது. அது விரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தட்டுகள் மடிக்குக் குடிபெயர்ந்திருந்தன.

"ஒவ்வொரு ஊர்க் கரையிலயும் இருக்கு. பொதுக் கழிப்பறை. பதினேழாம் பக்கத்துல வரிசையா போட்டிருக்கேன், திறக்கிற நேரம், மூடுற நேரம் எல்லாம்."

"எனக்கு வர்ற நேரம் போட்டிருக்கீங்களா?"

"அதுக்கு ஒரு கட்டம் காலியா விட்டிருக்கேன். நீதான் நிரப்பணும்."

அவருக்கு அட்டவணை என்று பெயர் வைத்தது அலுவலகம். பேருந்து நிலையத்தின் மாடியில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று இருபத்து மூன்று வருடங்களாக எழுதி வருபவர். அந்த நேரத்துக்கு ஒரு பேருந்தும் வந்ததில்லை. அது பேருந்துகளின் ஒழுக்கக் குறைவு என்பது அவர் கட்சி. அட்டவணையில் பிழை இருந்தால் காட்டுங்கள் என்பார். காட்ட முடியாது. அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இப்போது அந்த மூளை தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஆற்றில் பதினோரு நாள், கால்வாயில் இரண்டு நாள், கடலோரமாக மூன்று நாள். ஆக நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், கீழே துறைமுக ஊர் வரை. ஆறு கீழ்நோக்கித்தான் ஓடுகிறது என்பதைத் தாமாகவே கண்டுபிடித்து, டீசல் செலவில் பாதியை அடித்திருந்தார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். 'ஒரு நாள் உன்னைப் படகுல கூட்டிட்டுப் போறேன்' என்று கல்யாணமான வாரத்தில் கேட்ட வாக்கை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள். சர்வீஸில் ஒரே ஒரு தடவை கிடைக்கும் நாற்பது நாள் லீவை இதற்காக எழுதிக் கொடுத்துவிட்டாள். நிபந்தனையையும் எழுதாத குறையாகச் சொல்லிவிட்டாள்.

"நான் ஒரு படகுல உட்காரணும். அந்தப் படகு தண்ணில இருக்கணும். நாப்பது நாளுக்குள்ள அது நடக்கலைன்னா, இனிமே வர்ற ஒவ்வொரு லீவுக்கும் நாம அண்ணன் வீட்டுலதான்."

அவளுடைய அண்ணன், அதாவது இவருடைய மச்சான், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். போகிற ஊரையெல்லாம் வீடியோ எடுத்து வந்து, வீட்டுக்கு வருகிறவர்களைச் சோபாவில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். போன வருடம் போட்ட மூன்று மணி நேரப் படத்தில் ஒரு மணி நேரம் கேமரா மூடியைத் திறக்காமலே எடுத்தது. "இந்த இடத்துல சத்தத்தை மட்டும் கவனிங்க மாப்பிள்ளை" என்று அதையும் முழுசாக ஓட்டிக் காட்டினார்.

முதல் சிக்கல், படகு வாடகை. பதினாறு நாள் வாடகையைக் கேட்டுவிட்டு வந்த அட்டவணை இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். மூன்றாவது தம்ளரில் யோசனை பிறந்தது.

"வாடகையே வேண்டாம். சொந்தமா வாங்கிடுவோம். போய்ச் சேர்ந்ததும் அங்கேயே அதே விலைக்கு வித்துடுவோம். பயணம் இலவசம்!"

மச்சான் அப்போது வந்திருந்தார். "இதே கணக்குல ஒரு கப்பலே வாங்கலாமே மாப்பிள்ளை? எங்களுக்கும் இடம் கிடைக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க மச்சான். சிக்கனம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? எங்க வீட்டுக்கு நீங்க வாங்கிட்டு வர்ற பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்திருக்கேனே."

படகு உள்ளூரிலேயே கிடைத்தது. ஆற்றங்கரையில், ரிட்டையரான ஒரு கணக்கு வாத்தியாரின் ஷெட்டில், நான்கு போர்வைகளுக்கு அடியில் இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையை எழுப்புவது போல வாத்தியார் ஒவ்வொரு போர்வையாக விலக்கினார்.

"ஒரு கீறல் காட்டுங்க சார், பார்ப்போம்."

அட்டவணை பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். மூன்று சுற்று சுற்றினார். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளைப் பெயிண்டில் அவர் முகம்தான் தெரிந்தது, நேரில் இருப்பதைவிடச் சற்று நன்றாகவே.

மனைவி படகின் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நல்லா இருக்கே, ஏன் சார் விக்கிறீங்க?"

"மனசு வரலைதாம்மா. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே." வாத்தியாருக்குக் கண் கலங்கியது. பணத்தை எண்ணி முடித்ததும் தெளிந்துவிட்டது.

அடுத்து, கீழே வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். போவதற்கு முன்பே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று அட்டவணை விளம்பரம் கொடுத்தார். துறைமுக ஊரிலிருந்து ஒரு பல் டாக்டர் போன் செய்தார்.

"ரொம்ப நாளா தேடிட்டிருக்கேன் சார். இங்கேருந்து மேல உங்க ஊர் வரைக்கும் போகப்போறேன். சிக்கனமா ஒரு திட்டம் போட்டு வச்சிருக்கேன்."

"பேஷ்! நம்ம ஜாதி சார் நீங்க."

"ஒரே ஒரு விஷயம். கீறல் இருக்கக் கூடாது. ஒரு கீறலுக்கு நூத்துல அஞ்சு பங்கு குறைச்சுக்குவேன். சின்னதுதானேன்னு விட்டா வேர் வரைக்கும் போயிடும் சார். தொழில்ல தினமும் பார்க்கிறேன்."

ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இருபது கீறலில் படகு இலவசமாகிவிடும் என்று அட்டவணைக்கு உறைத்தது கையெழுத்து காய்ந்த பிறகு.

லீவின் முதல் நாள் கிளம்ப வேண்டும். அன்று காலை பல் விளக்கும்போது அவருக்குக் கால்வாய் மதகுகள் ஞாபகம் வந்தன. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். கதவைச் சாத்தித் தண்ணீரை வடித்து மட்டம் இறங்கும் வரை படகு அந்தச் சுவரை உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

"பழைய டயரைப் பக்கத்துல கட்டித் தொங்க விட்டா போச்சு" என்றாள் மனைவி.

வாத்தியார் ஷெட்டிலேயே விட்டு வைத்திருந்த படகில் கட்டினார். டயர் வெள்ளைப் பெயிண்டில் கறுப்புக் கோடு போட்டது. துடைக்க இரண்டு நாள். டயருக்கு மேல் போர்வை சுற்றினார். ஈரப் போர்வை பெயிண்டையே உரித்துவிடும் என்று பெயிண்ட் கடைக்காரர் பயமுறுத்தினார். போர்வைக்கு மேல் பிளாஸ்டிக் உறை சுற்றினார். எல்லாம் சுற்றி முடித்து நாடாவால் அளந்தபோது, படகு மதகைவிட முக்கால் அடி அகலமாகியிருந்தது.

லீவில் ஒன்பது நாள் போயிருந்தது.

"கால்வாயை மட்டும் லாரியில தாண்டிடுவோம்" என்றார். "ரெண்டு நாள் மிச்சம் வேற."

அட்டவணையை முதலிலிருந்து திருத்தி எழுத ஐந்து நாள் ஆனது. ரெண்டு நாள் மிச்சம்.

அடுத்து அடுப்பு. புகை உள்கூரையைக் கறுக்கச் செய்யும் என்று அதை நீக்கினார். அடுத்து மெத்தை. படுத்தால் குழி விழும். ராத்திரி கரையில் சத்திரம், லாட்ஜ் எதிலாவது தங்கிக்கொள்ளலாம், படகின் மேல் நான்கு போர்வையைப் போர்த்திவிட்டு.

"படகு சுகமா தூங்கும். நாம மூட்டைப் பூச்சியோட புரளணும். அப்படித்தானே?"

"மூட்டைப் பூச்சி இல்லாத லாட்ஜ் எதுன்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கீங்களா, யார்கிட்ட?"

"லாட்ஜ்காரங்ககிட்டதான்."

பெரிய ஊசியைக் கையில் எடுக்கும்போது மனைவி நோயாளியைப் பார்த்துச் சிரிப்பாள் அல்லவா, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

இருபத்து நான்காம் நாள் உப்பு ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரில் மூன்று நாள் கிடந்தால் பெயிண்ட் பூத்துவிடும். கடலோரத்தையும் லாரிக்கு மாற்றினார்.

"கடல் பயணத்துல கடலே கிடையாதா?"

"ஏன் கிடையாது? ஜன்னல் வழியா நல்லா தெரியும்."

லாரிக்காரரிடம் போனில் பேசினார். லாரிக்காரர் குழப்பமே இல்லாத மனிதர். "பாதி தூரம் ஏத்தினாலும் முழு வாடகைதான் சார். வாத்தியார் ஷெட்டுதானே? வழி தெரியும்."

வழி சொல்லும் நேரம் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று அட்டவணை குறித்துக்கொண்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"முழு வாடகை குடுத்துட்டுப் பாதி தூரம் மட்டும் ஏத்துறது நஷ்டம் இல்லையா?"

மனைவி கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். மேஜையில்தான் இடமில்லையே.

"அதாவது, படகு லாரியில போகும்."

"ஆமா."

"நாமளும் லாரியில போவோம்."

"முன் சீட்டுல. அதுக்குத் தனிக் காசு கிடையாது."

"ஆறு என்ன ஆச்சு?"

"ஆறும் ரோடும் பக்கத்துப் பக்கத்துலதான் போகுது. எந்த இடத்துல எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கணும்னு ஐம்பத்தெட்டாம் பக்கத்துல போட்டிருக்கேன்."

திட்டம் இப்போது எழுபத்து நான்கு பக்கம். செலவு, வாடகைப் படகில் போயிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட ஒன்றே கால் மடங்கு. ஆனால் படகில் கீறல் இல்லை.

முப்பத்தாறாம் நாள் மச்சான் வந்தார். வாசலில் நின்றே கேட்டார், "மாப்பிள்ளை, கப்பல் கிளம்பிடுச்சா? கையசைக்கலாம்னு வந்தேன்."

"கிளம்பப்போகுது."

"நிதானமா கிளம்புங்க. வீட்டுல பெரிய திரை ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். சுவர் முழுக்க. நாலு மூலையிலயும் ஸ்பீக்கர்."

அட்டவணை திட்டத்தை எடுத்து மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினார்.

மச்சான் போனதும் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் நாலு நாள். லாரியோ, மாட்டு வண்டியோ, எதுல வேணா போங்க. நான் ஒரு தடவை தண்ணில இருக்கிற படகுல உட்காரணும். இல்லைன்னா இப்பவே அண்ணனைக் கூப்பிட்டு, கார் அனுப்பச் சொல்றேன்." கையில் போன் இருந்தது. விரலும் அதன் மேல் இருந்தது.

அட்டவணை அன்று வரை ஆயிரக்கணக்கான அட்டவணைகள் தயாரித்திருக்கிறார். மனைவியின் விரலைப் பார்த்துக்கொண்டே எழுதியது அந்த ஒன்றைத்தான்.

"நாப்பதாம் நாள் காலைல டாக்டர் பதினோரு மணிக்கு வர்றார். நாம பத்து மணிக்கே இறக்கிடுறோம். பத்து அஞ்சுக்கு நீ உட்கார்ற. பத்து ஆறு முதல் பத்து முப்பது வரை மகிழ்ச்சி. பத்து முப்பத்தொண்ணுக்குப் படகை மேல ஏத்தி, கால் மணி நேரம் துணி வச்சுத் துடைப்பு. அவர் வரும்போது பொட்டு ஈரம் இருக்காது."

மனைவி காகிதத்தை வாங்கிப் படித்தாள். "மகிழ்ச்சி இருபத்து நாலு நிமிஷமா?"

"வேணும்னா துடைக்கிறதுல ரெண்டு நிமிஷம் எடுத்துத் தரேன்."

முப்பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் லாரி வந்தது, அட்டவணையில் போட்டிருந்த நிமிடத்துக்கு. அவர் வாழ்க்கையிலேயே நேரத்துக்கு வந்த முதல் வண்டி. கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

போனில் பேசிய லாரிக்காரர்தான் டிரைவர், நாற்பது வயதுக்காரர். ஷெட்டில் எந்தப் பக்கம் தாழ்ப்பாள் என்று யாரையும் கேட்கவில்லை. படகை அளக்கவும் இல்லை. அட்டவணை வரைந்து கொண்டுவந்திருந்த 'கயிறு கட்டும் முறை' காகிதத்தை மரியாதையாக வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு மாதிரி கட்டினார். பத்தே நிமிடத்தில் படகு லாரி மேல் அசையாமல் உட்கார்ந்தது. வாத்தியார் கரையில் நின்று, வேண்டிய அளவுக்கு மேலேயே உற்சாகமாகக் கையசைத்தார்.

மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் அட்டவணை, மடியில் எழுபத்து நான்கு பக்கம். லாரி கிளம்பியது.

"இப்ப இடது பக்கம் பாரு. ஆறு" என்றார்.

இடது பக்கம் ஒரு சிமெண்ட் குடோன் போனது.

"ரோடு சரியில்ல" என்றார் அட்டவணை.

மனைவி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் வந்தாள். பிறகு கணவரைத் தாண்டிக் குனிந்து டிரைவரிடம் பேசினாள். கல்யாணமான வாரத்துக்கு அப்புறம் அந்தக் குரலில் அவள் எதையும் கேட்டதில்லை.

"தம்பி, அங்க போனதும் படகை முதல்ல தண்ணில இறக்கிடுங்க. அரை மணி நேரம் நான் அதுல உட்காரணும். அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

"கண்டிப்பா இருக்கேன்க்கா" என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழு வருஷமா ஒவ்வொருத்தர் வாங்கறப்பவும் இந்தப் படகை மேல ஊருக்கும் கீழ ஊருக்கும் லாரியில கொண்டு போறது நான்தான். இது மிதக்குமான்னு பார்க்க எனக்கும் ரொம்ப நாளா ஆசை."