மெத்தை வண்டியில் ஏறிய மாடு

சேர்வராயன் மலையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று கோயில். இன்னொன்று மெத்தைக்காரரின் பிக்கப் வண்டி. கோயிலில் கூட்ட நாளில் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். மெத்தைக்காரர் விடமாட்டார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கும். ரேஷன் கடையில் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் ஏற்காட்டில் லோடு ஏற்றி இறக்குகிறவன். அவர் வண்டிக்கும் பல வருஷமாக ஏற்றுகிறேன். மெத்தைக்காரரே என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

வண்டியின் பின்தொட்டியில் கனமான ரப்பர் மேட் போட்டிருந்தார். சேலத்தில் அளவு கொடுத்து வெட்டி வாங்கியது. தகரம் கீறக்கூடாது, துருப்பிடிக்கக்கூடாது. இதுவரைக்கும் நியாயம். ஆனால் ரப்பர் கீறினால்? அதற்காக ரப்பர் மேல் தார்ப்பாய் விரித்தார். தார்ப்பாய் கிழிந்தால்? அதன் மேல் சாக்கு. சாக்கு நைந்தால்? அதன் மேல் தென்னை நார்ப்பாய். நார்ப்பாய்க்கு மேல் என்ன போடலாம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். தொட்டி மேடாகிக்கொண்டே வந்தது. நாங்கள் மூட்டையைத் தூக்கி வைக்கிற உயரமும் கூடிக்கொண்டே போனது. விட்டால் ஏணி கேட்டிருப்போம். மெத்தைக்காரர் என்ற பேர் அப்படி வந்ததுதான்.

காரணம் இருந்தது. அவருடைய பழைய வண்டியில் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அது தெரியாமல் தலைச்சோலையிலிருந்து மிளகு ஏற்றி வந்தார். ஓட்டை விளிம்பில் மூட்டை கிழிந்தது. வழி நெடுக மிளகு. ஏற்காடு வந்தபோது மூட்டை துவைத்துப்போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. வண்டிக்குப் பின்னாலேயே ஆட்கள் முறத்தோடு வந்தார்களாம். அன்றைக்கு மலையில் ரசம் வைக்காத வீடு இல்லை என்பார்கள். அதற்குப் பிறகுதான் புது வண்டி, ரப்பர், மற்றதெல்லாம்.

எந்தச் சாமானையும் முதலில் கையால் தடவிப் பார்ப்பார். கூர் இருந்தால் ஏற்றமாட்டார். கம்பி வேண்டாம். ஜல்லி வேண்டாம். ஒருமுறை பலாப்பழம் ஏற்றப் போனோம். தடவினார். முள் இருக்கிறது என்றார். முள் இல்லாத பலாப்பழத்துக்கு நான் எங்கே போவேன் என்று தோட்டக்காரர் கேட்டார். கடைசியில் ஒவ்வொரு பழத்துக்கும் சாக்கு சுற்றி, கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி வைத்தோம். இறக்குகிற இடத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தார். எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது என்று கேட்டார்.

இன்னொரு நாள் ஏரிப் பக்கம் நிறுத்திக் காப்பி மூட்டை ஏற்றினோம். எங்கள் செருப்புகள் வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தன. ஊர் சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஷூவைக் கழற்றினார். தொட்டிக்குள் பார்த்துக் கும்பிட்டார். என்ன சாமி என்று என்னிடம் கேட்டார். காப்பிங்க என்றேன்.

ஆடு மாடு அந்த வண்டியில் ஏறியதே இல்லை. கேட்கவும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எங்களுக்கு வந்தது. வேறு வழி இல்லை.

எங்கள் வீடு மஞ்சக்குட்டையில். வீட்டில் ஒரு செவலை மாடு. அப்போது சினையாக இருந்தது. நான் தூக்குகிற மூட்டை சோற்றுக்கு ஆகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது செவலையால். ஒரு நாள் காலையில் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் தீனி எடுக்கவில்லை. கால் வீங்கிவிட்டது. கிட்டே கையைக் கொண்டுபோனால் உதைத்தது. எலும்பு முறிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

ஏற்காட்டு மாட்டு டாக்டர் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். எப்படித்தான் சேதி போகுமோ, கீழே இருந்து மாட்டு வியாபாரி வந்துவிட்டார். கால் போன மாட்டை வைத்து என்ன செய்வீர்கள், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று ஒரு கல் மேல் உட்கார்ந்துகொண்டார். கொடுத்தால் செவலை எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

சேலத்துக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம். ஒரு பிக்கப்பை வரச்சொன்னேன். அதன் தொட்டி வெறும் தகரம். பலகையைச் சாய்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி ஏற்றினோம். முன்னங்கால் தகரத்தில் பட்டதும் வழுக்கியது. வளைவில் விழுந்தால் இது எழாது என்று அந்த டிரைவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். வழுக்காத தொட்டி மலையில் ஒன்றுதான். என் வீட்டுக்காரி கிளம்பினாள். நானும் போனேன். பேசியது அவள்.

மெத்தைக்காரர் நார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். உதறுவதை நிறுத்தவில்லை.

"கொம்பு இருக்குதுங்களே, அம்மிணி."

"துணி சுத்தி உட்டர்றேனுங்கண்ணா."

"குளம்பு?"

"கழுவிப்போட்டு ஏத்தறேனுங்க."

"சாணி?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"உசுரு இருந்தாத்தானுங்கண்ணா அதும் போடும்."

மெத்தைக்காரர் உதறுவதை நிறுத்தினார். பாயைத் தொட்டியில் விரித்து நான்கு மூலையையும் இழுத்துவிட்டார். குளம்பை நான்தான் கழுவுவேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாளி கேட்டார். வெந்நீர் கேட்டார். துணி துவைக்கிற பிரஷும் சோப்பும் அவரே கொண்டுவந்திருந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி கையைப் பிசைந்தாள். அவர் முன்னங்கால் குளம்பில் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். நுரை வருகிறது. ஊற்றுகிறார். மறுபடி தேய்க்கிறார். கல் மேல் இருந்த வியாபாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏனுங்க மெத்தைக்காரரே, மாட்டப் பொண்ணு பாக்க வர்றாங்களா? மருதாணி வெக்கலீங்களா?"

அவர் காதில் வாங்கவில்லை. நல்ல கால்கள் மூன்றும் முடிந்தன. கடைசியில் நோவுக்கால். போதும், அதை விட்டுவிடலாம் என்றேன். ஒரு காலை மட்டும் அழுக்காக விட முடியாது என்றார். கயிற்றை மரத்தில் கட்டினோம். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் காலைப் பிடித்தோம். செவலை ஒரு உதை உதைத்தது. வாளி பறந்து வியாபாரியின் மடியில் போய் உட்கார்ந்தது. மறுபடி வெந்நீர் வந்தது. மெத்தைக்காரர் குளம்புப் பிளவுக்குள் பிரஷை விட்டுத் தேய்த்தார். கிரீச் என்று ஒரு சத்தம். எல்லோரும் நிறுத்தினோம்.

அவர் குனிந்து பார்த்தார். வண்டியிலிருந்து குறடு எடுத்துவந்தார். பிடித்து இழுத்தார். சீழும் ரத்தமும் வந்தது. கூடவே ஒரு பாட்டில் சில்லு. எவனோ குடித்துவிட்டுப் புல்லில் உடைத்தது. கட்டைவிரல் அகலம் இருந்தது. ஒரு பக்கம் பிளேடு மாதிரி கூர்.

மெத்தைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது என்ற ரப்பர் மேட்டக் கிழிச்சிருக்குமுங்க" என்றார்.

செவலை காலை மெதுவாகக் கீழே வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. இந்த முறை எடுக்கவில்லை. வியாபாரி எழுந்து ஈர வேட்டியைப் பிழிந்தார். வர்றேனுங்க என்றார்.

புண் ஆழம். ஊசி போடாமல் விட முடியாது. சேலம் போயே ஆக வேண்டும் என்று மெத்தைக்காரர்தான் சொன்னார். கொம்பில் துணி கட்டியதும் செவலை பலகை மேல் தானாக நடந்து ஏறியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறிக் கயிற்றைப் பிடித்தேன். வளைவு குறைவு என்று குப்பனூர் வழியில் விட்டார். வண்டியை அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின.

பாதி இறக்கத்தில் செவலை வாலைத் தூக்கியது. காலையிலிருந்து தின்னாத மாட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நார்ப்பாய் போச்சு. சாக்கு போச்சு. மிச்சம் தார்ப்பாய் ஓரமாக ரப்பருக்கும் இறங்கியது. வாடை முன்னால் போனது. வண்டி நின்றது.

மெத்தைக்காரர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். மாடு மலையைப் பார்த்தது.

அவர் நார்ப்பாயைச் சுருட்டினார். சாக்கை எடுத்தார். தார்ப்பாயை உருவினார். மூன்றையும் ஒரு மூலையில் போட்டார். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ரப்பரில் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினார். எல்லாம் ஓடிவிட்டது. ரப்பர் கறுப்பாகப் பளபளத்தது. அதையே நின்று பார்த்தார்.

"கழுவுனா போயிருதுங்க" என்றார்.

அப்புறம் கதவைச் சாத்தும்போது சொன்னார். "இதுக்குத்தானுங்க போட்டது. நான்தான் மறந்துபோனேன்."

சேலத்தில் ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. கால் ஆறியது. செவலை நல்லபடியாகக் கிடேரிக் கன்று போட்டது. கன்றின் குளம்புகளை மெத்தைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அவர் தொட்டியில் ரப்பர் மட்டும்தான். மாடு ஏற்றுகிறார், பலா ஏற்றுகிறார். போன வாரம் ஜல்லி ஏற்றினோம். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆனாலும் ஏற்றினார்.

மஞ்சக்குட்டை வழியாகப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு எதிரே ஹாரன் அடிப்பார். எதற்கென்று நான் கேட்டதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் செவலை தலையைத் தூக்கிப் பார்க்கும். நானும் பார்ப்பேன்.