அரித்துவிட்டது, அண்ணா!

பேரன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே கழுத்துக்குக் கீழே எப்போதும் போல நலம். கழுத்துக்கு மேலே நேற்றிலிருந்து நலம். உன் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல்.

சின்ன வயதிலிருந்து நீ 'மைதானம்' என்று கூப்பிட்ட என் நெற்றியை அறுவை சிகிச்சை செய்து சின்னதாக்கிக்கொண்டேன். சொன்னால் சிரிப்பாய் என்றுதான் மறைத்தேன். முடி ஆரம்பிக்கிற இடத்தில் கீறி, தோலைக் கொஞ்சம் வெட்டியெடுத்து, மெத்தை விரிப்பை இழுத்துச் செருகுகிற மாதிரி மண்டைத்தோலை முன்னால் இழுத்துத் தைத்துவிட்டார் டாக்டர். கண்ணாடியில் பார்த்து எனக்கு நானே வணக்கம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தையல் ஓரத்து முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. உச்சந்தலை மரத்துப்போய், யாருடைய தலையையோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. டாக்டரிடம் போய் அழுதேன். "நரம்பு தூங்குதும்மா, எழுந்துக்கும். முடியும் வரும்" என்றார். எங்கே எழுந்தது? என் வீட்டுக்காரர் தினமும் காலையில் என் தலையில் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுவேன்.

வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலும் மானம் போனது. ஒரு பாட்டியம்மாவின் கண்ணாடியைக் காணோம் என்று அலமாரி, இழுப்பறை, குப்பைக்கூடை எல்லாம் கவிழ்த்துத் தேடுகிறேன். கண்ணே தெரியாத அந்த அம்மா சொல்கிறார்: "ஏம்மா, உன் தலை மேல ஏதோ மின்னுதே!" அங்கேதான் இருந்தது. எனக்குத் தெரிந்தால்தானே!

அண்ணா, நேற்று எல்லாம் மாறிவிட்டது. தையல் ஓரமெல்லாம் ஏற்கெனவே புது முடி புல் மாதிரி முளைத்திருந்தது. கடையில் ஒரு பெரியவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுத்துகளைப் படிக்கிறார். திடீரென்று உச்சந்தலையில் சுரீர்! அரிப்பு! "ஐயோ, வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். பெரியவர் நடுங்கிப்போய், "தப்பாப் படிச்சிட்டனா?" என்றார். "நீங்க படிங்க சார், எனக்குத் தலை அரிக்குது!" என்று ஆனந்தக் கண்ணீரோடு பரபரவென்று சொறிந்தேன். முதலாளி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் கடையே கைதட்டியது. அரிப்புக்குக் கைதட்டு வாங்கியவள் நம் பரம்பரையிலேயே நான் ஒருத்திதான்! வீட்டுக்காரர் சாயங்காலம் தட்டினார். "வலிக்குது!" என்றேன். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைக்கு ஆயிரம் முத்தம். எல்லாருடைய தலைகளும் உணர்வோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வீட்டுக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, "இது நரம்பு இல்லடி, பேன்" என்கிறார். போன வாரம் லீவுக்கு இங்கே வந்திருந்த உன் மகள் என் தலையணையில்தான் தூங்கினாள். அண்ணியிடம் சொல்லி அவள் தலையைப் பார்க்கச் சொல். இருந்தாலும் அண்ணா, பேன் குடிவருகிற அளவுக்கு எனக்கு முடி இருக்கிறது!