ஒரிஜினல் அண்ணனின் பின்சீட்டு

கார் என்பது ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை, அது கழற்றுவதற்காகத்தான் செய்யப்பட்டது என்று நிரூபிக்கவே ஆண்டவர் தக்கலையில் ஒருவரைப் படைத்திருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் ஒரிஜினல் அண்ணன். ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இல்லாமலில்லை. ஆனால் அதை அவர் மகளின் கல்யாண அழைப்பிதழில் படித்தபோது, வேறு யார் வீட்டுப் பத்திரிகையோ தவறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வங்கியில் மாற்றலாகி நான் தக்கலைக்குப் போனபோது, அவர் வீட்டு மாடி வாடகைக்குக் கிடைத்தது. அண்ணன் கல்ஃபில் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். மற்றவர்கள் அங்கிருந்து தங்கமும் சென்டும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு ஸ்பேனர் பெட்டி கொண்டுவந்தார். அதை இறக்கப் பந்தல்காரர்களைக் கூப்பிட வேண்டியிருந்ததாம்.

வீட்டு முற்றத்தில் தகரக் கூரை. அதன் கீழே ஒரு பழைய ஹெரால்டு. இரண்டே கதவுள்ள சின்ன கார். பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். பார்ப்பதற்கு முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். நான் வீடு பார்க்கப் போன அன்று அந்த வாய்க்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாடகையை அந்தக் கால்களிடம்தான் பேசி முடித்தேன்.

குடியேறிய முதல் நாள் குளித்துவிட்டு, குளியலறையில் பளபளவென்று இருந்த கம்பியில் ஈரத் துண்டைப் போட்டேன். கீழேயிருந்து எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, அண்ணன் மாடிப்படியில் ஓடிவந்தார்.

"சாரே! அதுல ஈரத்துணி போடப்பிடாது. அது பின்பக்க பம்பராக்கும்!"

"பிறகு துண்டை எங்கே போட?"

"தோள்ல போட்டுக்கிடுங்க. தோளு துருப்பிடிக்காதுல்லா?"

பம்பர் மட்டுமா? கூடத்துச் சுவரில் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீயரிங் தொங்கியது. டேஷ்போர்டு டிவிக்கு மேலே. கதவுகள் இரண்டும் கட்டிலுக்கு அடியில். அந்த வீட்டு அக்கா, அதாவது அவர் மனைவி, உளுந்து டப்பாவைத் திறந்தால் நட்டும் போல்ட்டும் வரும். வாழைக்கன்று ஒன்று தனி மரியாதையோடு கிணற்றடியில் நின்றது. கார் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது அதன் தரையைத் துளைத்து முளைத்த வாழையாம் அது. "வண்டியோட வந்ததாக்கும். அதைத் தள்ளிட்டா வண்டி முழுசாவாது" என்று அதற்கும் உரம் போட்டு வளர்த்தார்.

ஒரிஜினல் என்ற பட்டம் சும்மா வரவில்லை. அந்தக் காருக்கு, அந்தக் காலத்தில் அதற்கென்றே செய்த உதிரிப்பாகம் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். புது ஸ்குரூ கொண்டுவந்தவனை, கள்ளநோட்டு கொண்டுவந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இந்தக் கொள்கை காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவுக்கு ஒரு கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது. பல் டாக்டர் புதுப் பல் கட்டலாம் என்றார். கூடப் போன அண்ணன் எழுந்தே விட்டார்.

"டூப்ளிகேட் பல்லா? டாக்டரே, விழுந்த பல்ல பாலிஷ் போட்டு மாட்டப்பிடாதா?" அப்படியே அக்கா பக்கம் திரும்பி, "எதுக்குட்டி அதைத் தூரப் போட்ட? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா?"

அக்கா மீதமிருந்த எல்லாப் பல்லையும் கடித்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிரின்சி ஒரே மகள். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளையும் அங்கேயே. தேதி குறித்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மீன் குழம்பு ஊற்றிய நேரத்தில் பிரின்சி குண்டைப் போட்டாள்.

"அப்பா, சர்ச்சுக்கு நான் நம்ம ஹெரால்டுலதான் போவேன்."

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டார். "அது ரெடியாவல்லேண்ணா?"

"நடந்து போவேன்."

"கல்யாணச் சேலையோட நடந்தா ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த வண்டி இஞ்சதான் கிடக்கு. நான் எங்கெல்லாமோ போயாச்சு. அது ஒரு முழம்கூட அசையல்ல."

அண்ணன் சோற்றில் வைத்த கையை அப்படியே எடுத்துக் கழுவிவிட்டு முற்றத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாகத்தைக் கழற்றாமல், மாட்டுவதற்காக ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அக்கா என் காதருகில் குனிந்து, "சாரே, நான் வெள்ளை நிறத்துல ஒரு வாடகை கார் சொல்லி வைக்கப்போறேன். அவருகிட்ட மூச்சு விடப்பிடாது" என்றார்.

அடுத்து வந்த வாரங்களில் வீடு காலியாகிக்கொண்டே வந்தது, கார் நிறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பழக்க தோஷத்தில் குளித்துவிட்டுத் துண்டைப் போட்டேன். துண்டு தரையில் விழுந்தது. பம்பர் வேலைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜின் உயிர்பெற்றது. எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. புகையைப் பார்த்து யாரோ தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். அண்ணன் மட்டும் கண்ணை மூடி, கச்சேரி கேட்பவர் போலத் தலையாட்டி, "சத்தம் கொள்ளாம்" என்றார். கொள்ளாம் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஒரே ஒரு குறை. பின்சீட்டு இல்லை. டாக்டர் தோட்டத்திலேயே அதைக் கரையான் தின்றுவிட்டது. எங்கெங்கோ விசாரித்து, கடைசியில் பழைய கார்ப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், சக்கரமில்லாத ஒரு ஹெரால்டு. என் ஸ்கூட்டரில்தான் போனோம்.

தோட்டத்துச் சொந்தக்காரர் ரோசம்மா, தானே ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் திடமான பெண்மணி. கொடியில் துணி காய்வது போல ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்த கொட்டகைக்குள் கார் இருந்தது. அதன் பின்சீட்டில் ஒரு கறுத்த கோழி, ஊருக்கே தலைவி மாதிரி, அடைகாத்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இந்த சீட்டு எனக்கு வேணும்" என்றார் அண்ணன்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க. கோழிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

அண்ணன் கையை நீட்டினார். கோழி எழுந்து ஒரே கொத்து. மணிக்கட்டில் ரத்தம். அண்ணன் முகத்திலோ பரவசம்.

"சாரே, அது எந்திச்சப்பம் கிரீச்சுண்ணு ஒரு சத்தம் வந்துல்லா? ஒரிஜினல் ஸ்பிரிங்கு!"

ரோசம்மா விளக்கினார். மற்ற கோழிகளெல்லாம் எங்கேயாவது முட்டையிடும். இந்தக் கறுத்த கோழி இந்தச் சீட்டைத் தவிர வேறெங்கும் உட்காராது. கூடை வைத்துப் பார்த்தாயிற்று, வைக்கோல் வைத்துப் பார்த்தாயிற்று. குஞ்சு பொரிக்காமல் அதைக் கிளப்பினால் முட்டை பாழாகிவிடும். பொரிப்பதற்குள் கல்யாணம் வந்துவிடும்.

"நான் இதே மாதிரி ஒரு சீட்டு செஞ்சு தந்தா அதுல இருக்குமா?" என்றார் அண்ணன். டூப்ளிகேட் செய்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லிக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. மகள் பாசம் கொள்கையைத் தின்றுவிட்டது.

தென்னை நார், ஸ்பிரிங், ரெக்சின், அதே பழுப்பு நிறம். அந்தச் சீட்டிலிருந்த கோழி எச்சக் கறையைக்கூட, புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பால் போட்டார். டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, முட்டைகளையும் மாற்றி வைத்தோம். கோழி அதைச் சுற்றி வந்தது. ஒருமுறை கொத்திப் பார்த்தது. பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழைய சீட்டிலேயே ஏறி, முட்டையில்லாத இடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா சாரே! இத்தனை வருசமா நான் ஒத்தை ஆளு பறஞ்சிட்டு திரிஞ்சேன். ஒருத்தனுக்கும் மனசிலாவல்ல. இதுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"சரி அண்ணே, கோழி வேண்டாம் என்றால் போகட்டும். செய்ததோ செய்தாச்சு, இந்தப் புதுச் சீட்டையே நம் வண்டியில் போட்டுவிடலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"கோழி இருக்காத சீட்டுல எனக்க மக இருக்கணுமா?"

முட்டைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த ரோசம்மாவுக்கு மனம் இளகிவிட்டது போல. "அண்ணே, சீட்டு வேணும்ணா கோழியும் கூட வரும். கோழி வந்தா நானும் வருவேன். சம்மதமா?"

அப்படியாகத்தான் கல்யாண வீட்டுக்கு, சொந்தக்காரர்களெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு பின்சீட்டும் அதன்மேல் ஒரு கோழியும், கூட ஒரு டிரங்குப் பெட்டியோடு ரோசம்மாவும் வந்து இறங்கினார்கள். சீட்டை வண்டிக்குள் பொருத்தும்போது கோழி இறங்கவில்லை. பல்லக்கில் போகிற மாதிரி அப்படியே உள்ளே போனது. ரோசம்மா மறுநாளே அடுக்களையைக் கைப்பற்றி, அக்காவோடு சேர்ந்து அண்ணனை வையவும் ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணக் காலை. ஹெரால்டு குங்குமச் சிவப்பில், மல்லிகைச் சரத்தோடு நின்றது. யாருக்காகப் பின்சீட்டைத் தேடி அலைந்தோமோ, அந்தப் பெண்ணுக்குப் பின்சீட்டில் இடமில்லை. கோழி ஒரு பாதி. கோழிக்குக் காவலாகப் பட்டுச்சேலையில் ரோசம்மா மறுபாதி. பிரின்சி சிரித்துக்கொண்டே முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அக்கா தன் வெள்ளை வாடகைக் காரில் சொந்தக்காரர்களை அடைத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். நான் ஸ்பேனரும் தண்ணீர்க் கேனுமாக ஸ்கூட்டரில் பின்தொடர வேண்டும் என்று உத்தரவு. வழியில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கும் நான்தான்.

வண்டி நிற்கவில்லை. அதுதான் சிக்கல். சர்ச் இருக்கும் தெரு வந்தது. ஹெரால்டு திரும்பவில்லை, நேரே போனது. பிரேக் போய்விட்டது என்றே நினைத்தேன். ஹாரன் அடித்தேன், கத்தினேன். வண்டி ஓட்டமும் நடையுமாகப் பத்மநாபபுரம் கோட்டைக்குள் நுழைந்தது. அரண்மனை பார்க்க வந்த கூட்டம் அரண்மனையை விட்டுவிட்டு ஹெரால்டைப் படம் எடுத்தது. வண்டி கோட்டைச் சுவரை ஒட்டிச் சுற்றிவந்து, மறுபடியும் உள்ளே போனது. பின் கண்ணாடியில் ரோசம்மா எனக்குக் கையாட்டினார். காப்பாற்று என்கிறாரா, போய் வா என்கிறாரா என்று தெரியவில்லை.

சர்ச் வாசலில் ஒரே வெப்ராளம், பதற்றம். மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா, "நான் அப்பமே பறஞ்சேன்! அந்தச் சவத்த நம்பாதீங்கண்ணு!" என்று அழுதுகொண்டிருந்தபோது ஹெரால்டு வந்து நின்றது, அதன் பின்னால் நானும். அண்ணன் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிக்கணும் ஃபாதர். கார்புரேட்டர் மக்கர் பண்ணிட்டு. வழியில நின்னு போச்சு" என்றார்.

நான் தண்ணீர்க் கேனோடு வாயைப் பிளந்து நின்றேன். வண்டியில் கோளாறு என்று யாராவது சொன்னால் உறவையே அறுத்துக்கொள்ளும் மனிதர், ஊரே கேட்கத் தன் வண்டியைப் பழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. திரும்பும்போது சடங்குக்காகப் பின்சீட்டில் ஏறப்போன மாப்பிள்ளை, கோட்டுக் கையில் ஒரு கொத்து வாங்கினார். "வீட்டுல எல்லாருக்கும் கிடைச்சாச்சு. இனி நீங்க நம்ம ஆளாக்கும்" என்று அண்ணன் அவரைத் தேற்றினார். அந்த வாரமே கோழி பொரித்தது. குஞ்சுகளோடு அந்தச் சீட்டையும் கழற்றி, "அது அதுக்க சீட்டு, நம்ம கடனாத்தான் வாங்கினோம்" என்று குலசேகரத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அவரே செய்த புதுச் சீட்டை நான் இருமிக்கொண்டே நாசூக்காக ஞாபகப்படுத்தினேன். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஊருக்குக் கிளம்பிய ரோசம்மாவைப் பேருந்து ஏற்றிவிடப் போனபோது தனியாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க அக்கா. அன்றைக்கு வண்டிக்குள்ளே என்ன நடந்தது?"

"என்ன நடக்க? ஒண்ணுமில்ல சாரே. சர்ச்சு ரோடு வந்தப்பம் அவருக்குத் திருப்ப மனசு வரல்ல, நேரே போயிட்டாரு. கோட்டையைச் சுத்தி வந்தாச்சு, சரி, இனி திரும்புவாருண்ணு இருந்தேன். அப்பம் அந்தப் பிள்ளைதான் அவருக்க கையைத் தொட்டு, 'அப்பா, இன்னும் ஒரு சுத்து'ண்ணு கேட்டுது."

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இந்தச் சங்கதி எனக்குத் தெரியும் என்று ஒரிஜினல் அண்ணனிடம் நான் காட்டிக்கொண்டதில்லை. அவ்வப்போது போன் போட்டு, "அண்ணே, கார்புரேட்டர் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பேன். "இப்பம் கொள்ளாம் சாரே. பைய சரியாயிட்டு வருது" என்பார்.