குல்லரூனா சைக்கிள் பாதைக்குக் கருத்துச் சொன்னவர்

கருத்தாளர் என்று ஓர் இனம் உண்டு. எந்த மண்ணிலும் முளைக்கும் என்றாலும், எங்கள் ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சிற்றூர்களில், பொது மண்டபமும் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரமும் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒன்றுசேரும் இடத்தில் அது கொழுத்து வளர்கிறது. "மக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது" என்று நகரசபை ஒரு தாளைத் தபால் நிலையக் கண்ணாடியில் ஒட்டினால் போதும், அடைமழைக்குப் பின் ஈசல் கிளம்புவதுபோல் கிளம்பிவிடும்.

இவரை எதிர்ப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்ப்பாளர் தங்கமானவர். வருவார், "வேண்டாம்" என்பார், தேங்காய்த் துருவல் உதிர உதிர ஒரு லாமிங்டன் கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கருத்தாளர் அப்படியல்ல. அவர் திட்டத்தை மனதார ஆதரிப்பவர். ஆதரித்தே கொன்றுவிடுவார்.

எங்கள் குல்லரூனாவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த மாதிரி டெஸ் பிக்கரிங். ஆயுள் முழுக்க ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவி ஓய்வு பெற்றவர். ஏலக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி அமைதி. இன்னொரு குரல் வராமல் ஏலச் சுத்தி இறங்கிவிட்டால் அன்று அவருக்குத் தூக்கம் வராது. "வேறு யாராவது?" என்று யாரேனும் கேட்டு, நாலு பேர் பேசாமல் இருந்துவிட்டால், டெஸ்ஸின் வலது கை தானாக மேலே போகும். அவர் மனைவியை அடக்கம் செய்த அன்றுகூடப் போனது. பாதிரியார் கேட்டது வேறு எதற்கோ.

அப்படிப்பட்டவர் நெடுந்தூர சைக்கிள் பாதைக் கூட்டத்துக்குக் கிளம்பினார் என்றால் நோரீன் ஷூபர்ட் பயப்படாமல் இருப்பாளா?

நோரீன் எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரி. புறவழிச் சாலை வந்ததிலிருந்து லாரிக்காரர்கள் ஊருக்குள் வருவதில்லை. மாவுக்குள் இறைச்சி வைத்து அவள் சுடும் 'பை' பலகாரங்கள் மாலைவரை கண்ணாடிப் பெட்டிக்குள் வியர்த்துக்கொண்டு கிடக்கின்றன. ரயில் நின்றுபோன பழைய தண்டவாள மேடு மட்டும் அவள் கடை வாசலை ஒட்டிப் போகிறது. அந்த மேட்டின்மேல் சைக்கிள் பாதை வந்தால், மலையிலிருந்து கடல் வரைக்கும் மிதிப்பவர்கள் அகோரப் பசியோடு அவள் வாசலில் வந்து விழுவார்கள். வராவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். இது டெஸ்ஸுக்கும் தெரியும். தினமும் காலையில் அந்தக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேநீரும் கஸ்டர்ட் வைத்த வெனிலா ஸ்லைஸும் சாப்பிட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். அன்று காலையும் விடிந்தது.

"டெஸ், சாயங்காலம் கூட்டத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது."

"நானா? உனக்காகத்தானே வர்றேன்!"

"அதான் பயமா இருக்கு."

"பாதை உன் வாசல்ல வரணும்னு என்னைவிட யாருக்கு ஆசை சொல்லு?"

"ஒருத்தருக்கும் இல்ல. நீச்சல் குளம் வரணும்னும் உனக்குத்தான் ஊர்லயே அதிக ஆசை. இப்ப குளம் எங்க இருக்கு?"

குளம் எங்கேயும் இல்லை. "கொஞ்சம் நிழலும் இருந்தா நல்லாருக்கும்" என்றுதான் டெஸ் குளத்துக்கான கூட்டத்தில் கருத்துச் சொன்னார். நிழலைப் பற்றியே நாலு கூட்டம் நடந்தது. இன்றைக்கும் விளையாட்டு மைதானத்தின் பின்னால் பிரமாதமான ஒரு நிழற்கூரை நிற்கிறது. அடியில் புல்.

"சத்தியமா பேச மாட்டேன், போதுமா?" என்றார் டெஸ். அந்த நேரத்தில் அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார். கருத்தாளர்கள் பொய் சொல்வதே இல்லை.

கூட்டத்துக்கு நகரசபையிலிருந்து பிரையனி என்ற பெண் வந்திருந்தாள். சுவரில் பெரிய வரைபடம். பாதை போகும் வழியெல்லாம் குண்டூசி குத்தி, நீலக் கம்பளி நூலை ஓட்டியிருந்தாள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் ஒட்டும் பொட்டுகள் தந்தாள். பாதை வரவேண்டிய இடத்தில் பச்சைப் பொட்டு, வரக்கூடாத இடத்தில் சிவப்பு. சிவப்பு அதிகம் சேர்ந்தால் அந்த இடத்தில் நூல் நகர்த்தப்படும். அன்றே முடிவாகாவிட்டால் பாதை அடுத்த பள்ளத்தாக்கிலிருக்கும் யாரிங்டனுக்குப் போய்விடும் என்பதையும் சொல்லிவிட்டாள்.

காரியம் வெண்ணெயாகப் போய்க்கொண்டிருந்தது. தண்டவாள மேடு யாருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகிறதோ அந்த லாக்கி டாய்ல்கூட, "கேட்டைத் திறந்தவன் மூடிட்டுப் போனா எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று பச்சைப் பொட்டை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வரைபடம் நாற்று நட்ட வயல்போல் பச்சையாக இருந்தது.

"அப்ப முடிச்சிடலாம் இல்லையா? வேற யாராவது...?" என்றாள் பிரையனி.

அமைதி.

டெஸ்ஸின் வலது கை துடித்ததை நோரீன் பார்த்தாள். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெனிலா ஸ்லைஸை முழுதாக அவர் வாயில் திணித்தாள். அதற்குமேல் ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்ய முடியும்? டெஸ் மென்றார். அமைதி நீண்டது. கண்ணில் நீர் வர, கஸ்டர்டை ஒரே மூச்சில் விழுங்கினார்.

"ஒரே ஒரு சின்ன விஷயம். நான் ஆதரவுதான், தப்பா நினைக்காதீங்க. மேற்கால போறப்ப எதிர்க்காத்து. அதைக் கொஞ்சம் கவனிச்சா நல்லது."

"காத்தையாங்க?"

"பாதையைம்மா. காத்து எப்பவும் முதுகுப் பக்கமே இருக்கிற மாதிரி லேசா வளைச்சுடுங்க."

"வளைக்கிறதா?" என்று லாக்கி டாய்ல் எழுந்தார். "வளைச்சா என் ஆட்டுக்கடா நிக்கிற பட்டிக்குள்ள வரும். அது சைக்கிள் ஹெல்மெட்டைப் பாத்தா இன்னொரு கடான்னு நினைச்சு முட்டும். அங்க வேணாம்." சிவப்புப் பொட்டு ஒன்று. வடக்கே நகர்த்தினார்கள். வடக்கே யூகலிப்டஸ் மரத்தில் ஜெரால்ட் இருந்தான்.

ஜெரால்ட் ஒரு மேக்பை. வசந்த காலத்தில் கூட்டில் குஞ்சு இருக்கும்போது, போகிற வருகிறவன் மண்டையைக் குறிவைத்துப் பாயும் கறுப்பு வெள்ளைப் பறவை.

"ஜெரால்டை அங்கேருந்து கிளப்பிடலாமே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டாள் பிரையனி.

மண்டபமே கொதித்தது. "ஏம்மா, அவன் குடும்பஸ்தன்!" "தபால்காரரை அவன் ஒண்ணுமே பண்றதில்ல தெரியுமா?" "பாதை நேத்து வந்தது, அவன் எப்பலேருந்து இருக்கான்!" ஜெரால்டுக்காகச் சிவப்புப் பொட்டுகள் குவிந்தன. பிறகு ஒவ்வொருவருக்கும் தங்கள் வீட்டு மேக்பை ஞாபகம் வந்தது.

இந்த நேரத்தில்தான் டெஸ் நாற்காலிமேல் ஏறினார். பல வருடமாகத் தொண்டையில் அடைபட்டுக் கிடந்த சந்தைக் குரல் வெளியே வந்தது. "பின்வரிசைல ஒரு சிவப்பு! சிவப்பு வந்தாச்சு, இன்னொண்ணு உண்டா, உண்டா, அதோ ஜன்னலோரம் ஒண்ணு, அண்ணே மூக்கைச் சொறிஞ்சீங்களா கையைத் தூக்கினீங்களா, தூக்கினதாவே வச்சுக்கறேன்!" கம்பளி நூல் கிழக்கே போனது, தெற்கே போனது, ஓடையைத் தாண்டிப் போய் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. சிவப்பு விழாத இடம் என்று ரொட்டிக்கடை வாசல் ஒன்றுதான் மிச்சம்.

"கடை வாசல்ல சைக்கிளை எல்லாம் எங்கப்பா சாத்துவாங்க?" என்று யாரோ கேட்டார்.

"பெஞ்சுலதான்" என்றார் இன்னொருவர்.

டெஸ் நாற்காலியிலிருந்து இறங்கினார். "பெஞ்சை மட்டும் விட்டுடணும். மத்தபடி பாதை வரட்டும்" என்று சொல்லி, பெஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார். அந்த பெஞ்சில் உட்காராத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. எல்லோருக்கும் அதன்மேல் பாசம். எல்லோரும் எழுந்து வந்து ஒட்டினார்கள்.

பிரையனி கடைசிக் குண்டூசியைக் குத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. பாதை மண்டபத்தின் பின்கதவில் தொடங்கி, காடு மேடெல்லாம் சுற்றி, மண்டபத்தின் முன்கதவில் வந்து முடிந்தது. நெடுந்தூரம்தான், அதில் குறை சொல்ல முடியாது. போய்ச் சேரும் ஊர்தான் இல்லை.

"இதைப் பத்திப் பேச இன்னொரு கூட்டம் போடணும்" என்றார் டெஸ். அந்தத் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

நோரீன் அழுதாள். சத்தம் போட்டிருந்தால் டெஸ் சமாளித்திருப்பார்; சத்தமில்லாமல் அழுதபடி கேக் தட்டைத் துடைத்தாள். "உன் நல்லதுக்குத்தானே சொன்னேன், நோரீன்" என்றார்.

"தெரியும் டெஸ். எனக்குக் கெட்டது நினைக்கிறவன் ஒருத்தன் வந்திருந்தா இந்நேரம் பாதை வந்திருக்கும்."

பாதை யாரிங்டனுக்குப் போனது. அங்கே கூட்டத்துக்கு ஆளே வரவில்லையாம், அதனால் நேராகப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் நோரீனும் அடுப்பைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். சைக்கிள்காரர்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்களாம்; இறைச்சிப் பலகாரம் போதவில்லையாம்.

எங்கள் ஊர் பெஞ்சு பத்திரமாக இருக்கிறது. பூட்டிய கடைக்கு முன்னால், தினமும் காலையில் டெஸ் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்து உட்காருகிறார். ஃபிளாஸ்க் தேநீர் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னால் கண்ணாடியில் நகரசபை ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: காலிக் கடையை என்ன செய்யலாம், மக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது. டெஸ் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. அந்தக் கடாவை வேறு பட்டிக்கு மாற்றியிருக்கலாமே, பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டிருந்தால் வேலை முடிந்ததே என்று நடுவில் உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது அல்லவா? தோன்றியிருக்கும். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். எழுந்து உங்கள் தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போய் ஏதாவது வாங்கித் தின்னுங்கள், கடை இருக்கும்போதே.