கண்ணாடி வீட்டுத் தக்காளி

இனிமேல் காக்கா விரட்டுவதில்லை என்று ஒரு பங்குனி மாதத்து உச்சிவெயிலில் வேதசிரோமணி முடிவு செய்தார். கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார். சுற்றிலும் பார்த்தார். மனைவி இன்பம் பார்க்கவில்லை. கம்பை மறுபடி எடுத்துக்கொண்டார்.

முப்பது வருஷம் மிஷன் பள்ளியில் வாத்தியார். பிள்ளைகளை விரட்டியது போதாதென்று, ஓய்வு பெற்ற பிறகு காக்கா. கோடை பிறந்தால் இன்பம் கூழ் வடகம் பிழிவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேர் வீட்டுக்கு அவள் வடகம்தான் போகும். முற்றத்தில் பாய் பாயாகக் காயும். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு இவர் காவல். காக்காய்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அதனால் பயப்படுவதில்லை.

தப்பிக்க ஒரே வழி, அதைவிடப் பெரிய வேலையாக ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வது. சீமைக்குத் திரும்பிய மிஷன் துரைசானி விட்டுப்போன தோட்டப் புத்தகத்தில் அது கிடைத்தது. கண்ணாடியால் வீடு கட்டி, உள்ளே சீமைத் தக்காளி வளர்ப்பது. ராஜபாளையத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். அதன் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. ஐப்பசிக்குள் வீடு எழும்பிவிட்டது. எங்கே? வடகம் காயும் அதே முற்றத்தில். அதுதான் வாத்தியார் மூளை.

"எதுக்குங்க கண்ணாடி?" என்றாள் இன்பம்.

"செடியைக் குளிர் தாக்காம இருக்க. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"குளிரா? நம்ம ஊர்லயா?"

"ஏட்டி, உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். மார்கழியிலயும் விசிறி தேடுத ஊர்ல, குளிருக்குப் பயந்து வீடு கட்டின ஆளை இப்பதான் பாக்கேன்."

பெங்களூரிலிருந்து தபாலில் மூன்று ரக விதை வந்தது. ஒன்று மஞ்சள். ஒன்று திராட்சை மாதிரிக் கொத்து. ஒன்று கைக்கு அடங்காத சிவப்பு. அதற்கு ராஜா என்று பெயர் வைத்தார். இலைக் கணுவில் துளிர்க்கும் பக்கக் கிளையை விடக்கூடாது, செடி ஒற்றைத் தண்டாக நிற்கவேண்டும் என்றது புத்தகம். தினம் காலையில் கிள்ளினார். கிள்ளியதைக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார். கொல்லை இன்பத்தின் ராஜ்யம். பாத்திரம் கழுவும் இடம். அவர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஏதாவது வேலை சொல்வாள்.

உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி அனல். தைக்குள் மஞ்சள் வெந்து செத்தது. கொத்துத் தக்காளி பூவெல்லாம் உதிர்த்துவிட்டுச் சந்நியாசம் வாங்கியது. ராஜா மட்டும் ஏழு பழம் கொடுத்தான். வாத்தியார் தெருவையே கூட்டிவந்து காட்டினார்.

மாசி முடிந்தது. இன்பம் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வடகத்தை எங்க காயப்போட? உங்க தலையிலயா?"

"கண்ணாடி வீட்டைத் தொடாத. அது என் ராஜாவுக்கு."

"அந்த ஏழு பழத்துக்கா இம்புட்டு ஆட்டம்? கொல்லையில கழுவுத தண்ணி குடிச்சு வளந்த எந் தக்காளி இதைவிட ருசி."

"சாக்கடைத் தக்காளியும் ராஜாவும் ஒண்ணா?"

"அப்ப கண்ணைக் கட்டிக்கிட்டுத் தின்னு பாருங்க. உங்க பழம் ஜெயிச்சா கண்ணாடி வீடு உங்களுக்கு. பொறவு வாயைத் திறக்க மாட்டேன். எம் பழம் ஜெயிச்சா வீடு எனக்கு."

"தீர்ப்புச் சொல்றது யாரு?"

"நீங்கதான்."

அவர் அங்கேயே உஷாராகியிருக்கவேண்டும். ஆகவில்லை.

பக்கத்துப் பலசரக்குக் கடை ஜமால் முகமது சாட்சிக்கு வந்தார். அவரே தன் துண்டால் வாத்தியார் கண்ணைக் கட்டினார். துண்டில் கருவாட்டு வாடை. இன்பம் முதல் துண்டத்தை வாயில் வைத்தாள்.

வேதசிரோமணி முகம் கோணியது. "தூ! தோல் செருப்பு. புளிப்புமில்ல, இனிப்புமில்ல. இது சாக்கடைதான்."

இரண்டாவது துண்டம். மென்றார். நிறுத்தினார். இன்னொன்று கேட்டார்.

"இது! இதுதாங்க ராஜா! ஊருக்கெல்லாம் சொல்லும், ஜமாலு!"

கண்கட்டு அவிழ்ந்தது.

"செருப்புதான் உங்க பழம்," என்றாள் இன்பம். "ராஜா எங் கொல்லையில காய்ச்சது."

"பொய்! இது என் ரகம். எனக்கு வாசனை தெரியாதா?"

"உங்க ரகந்தான். யாரு இல்லன்னா? வாங்க."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கொல்லைக்குப் போனார். தண்ணீர் ஓடும் வாய்க்கால் நெடுகப் புதர் புதராகத் தக்காளி. ஒரு கிளை கிள்ளப்படவில்லை. பழம் மண்ணில் புரண்டது.

"நீங்க வீசின கிளைதாங்க. வீணாப் போவுதேன்னு ஈரத்துல ஊனி வச்சேன். அம்புட்டும் பிடிச்சிருச்சு."

"அப்ப ஜெயிச்சது என் தக்காளிதானே!"

"தக்காளி ஜெயிச்சிருச்சு வாத்தியாரய்யா," என்றார் ஜமால் முகமது, ரசத்துக்கு நாலு பழம் பறித்து மடியில் கட்டிக்கொண்டே. "வீடுதான் போயிருச்சு."

மறுநாளே கண்ணாடி வீட்டுக்குள் பாய் விரிந்தது. வேதசிரோமணிக்கு வருத்தமில்லை. யோசித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் காக்கா எப்படி வரும்? ஒரு வருஷத்து அலைச்சலுக்கு அது போதும். கம்பை அடுப்பு விறகோடு சேர்த்துவிட்டு, அசதியோடு திண்டில் சாய்ந்தார்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இன்பம் வந்தாள்.

"எதுக்கு அது?"

"காக்கா வராது. அணில் வருதுங்க. எந்தப் பொந்து வழியா வருதுன்னு தெரியல. செத்த நேரம் உள்ள உக்காந்து பாத்துக்கிடுங்க."

"சரி, கதவைத் திறந்து வையி. காத்தாவது வரட்டும்."

"திறந்து வச்சா காக்கா வந்துரும்லா," என்று சாத்திவிட்டுப் போனாள்.

வடகம் மூன்று நாளில் காய்ந்தது. வேதசிரோமணி முதல் நாளே.